டாம்கேட் போதுமா, முழு அப்ளிகேஷன் சர்வர் வேண்டுமா?

கேள்வி: எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி, பிரீமிய வசூல், இழப்பீடு ஆகியவற்றுக்கான ஜாவா மென்பொருள் பல ஆண்டுகளாக ஆரக்கிளின் வெப்லாஜிக் என்ற அப்ளிகேஷன் சர்வரில் (மென்பொருளை இயக்கும் தளத்தில்) இயங்குகிறது. லைசென்ஸ் செலவைக் குறைக்க இலவசமான டாம்கேட் சர்வருக்கு மாறிவிடலாம் என்கிறார்கள் குழுவில் ஒரு சாரார். இவ்வளவு பெரிய மென்பொருளை டாம்கேட் தாங்காது என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?

பதில்: தாங்குமா, தாங்காதா என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல டாம்கேட்களை நிறுத்தினால் மிகப் பெரிய கூட்டத்தையும் சமாளிக்கலாம். உங்கள் மென்பொருள் வெப்லாஜிக்கிடம் என்னென்ன வேலைகளை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

டாம்கேட் அடிப்படையில் சர்வ்லெட், ஜேஎஸ்பி எனப்படும் ஜாவா இணைய நிரல்களை இயக்கும் கன்டெய்னர். ஈஜேபி (வணிக விதிகளை சர்வரில் இயக்கும் கூறுகள்), ஜேஎம்எஸ் செய்தி வரிசை (மென்பொருள்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வழி), ஜேடிஏ பரிவர்த்தனை மேலாளர் ஆகியவை அதனுடன் வருவதில்லை. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பணம் கையாளும் நிறுவனத்துக்கு உயிர்நாடி. பிரீமியம் வந்தவுடன் தரவுத்தளத்தில் ஒரு பதிவும், கணக்குப் பிரிவுக்கான செய்தி வரிசையில் ஒரு செய்தியும் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தால் இரண்டும் சேர வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே சேரக் கூடாது. பரிவர்த்தனை மேலாளர் முதலில் இரு தரப்பிடமும் தயாரா என்று கேட்டு, இரண்டும் சம்மதித்த பிறகே உறுதிசெய்யச் சொல்கிறது. நடுவில் சர்வர் விழுந்தாலும், மீண்டும் எழுந்ததும் தன் லாகைப் (செயல் பதிவேட்டைப்) பார்த்து மீதி வேலையை முடிக்கிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் போனால் சாதாரணச் சோதனைகளில் எதுவும் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்பார்க்கும்போதுதான் தெரியவரும். டாம்கேட்டுடன் நாராயணா, அட்டாமிகோஸ் போன்ற மேலாளர்களை இணைக்க முடியும் என்றாலும், அந்த இணைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே, ஈஜேபியும் இத்தகைய இரட்டைப் பரிவர்த்தனைகளும் நிறைய இருந்தால் வைல்ட்ஃபிளை, ஓப்பன் லிபர்ட்டி போன்ற முழு அப்ளிகேஷன் சர்வர்களைப் பாருங்கள். இரண்டுமே திறந்த மூல சர்வர்கள்தான். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதப்பட்டு, ஒரே தரவுத்தளத்தோடு நிற்கும் பகுதிகளுக்கு டாம்கேட் தாராளமாகப் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர்தான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

பதிப்பிலும் கவனம் வேண்டும். இத்தகைய சர்வர்களுக்கான வரையறைத் தொகுப்பான ஜாவா ஈஈயை ஆரக்கிள் 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்ததன் தொடர்ச்சியாக, அது ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறி, 2020-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 9, வைல்ட்ஃபிளை 26 வரை பழைய பெயர். டாம்கேட் 10, வைல்ட்ஃபிளை 27 முதல் புதிய பெயர். பழைய நிரலை அப்படியே புதிய பதிப்பில் ஏற்றினால் ஓடாது. சர்வர் மாற்றத்தையும் பெயர் மாற்றத்தையும் ஒரே நேரத்தில் செய்தால், வரும் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிவதே பெரும் பாடாகிவிடும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

கட்டண ஆதரவு வேண்டுமென்றால், வைல்ட்ஃபிளையின் வழியில் ரெட் ஹாட் தரும் ஜேபாஸ் ஈஏபி இருக்கிறது. அதற்கும் சந்தா உண்டு என்பதால், அந்தத் தொகையையும் சேர்த்தே மிச்சத்தைக் கணக்கிடுங்கள். ஆனால் விலை விசாரிப்பதற்கு முன், உங்கள் நிரலில் ‘வெப்லாஜிக்’ என்று தொடங்கும் பேக்கேஜ்கள் எத்தனை இடங்களில் அழைக்கப்படுகின்றன என்று தேடச் சொல்லுங்கள். எந்த சர்வருக்குப் போனாலும் அத்தனை இடங்களையும் திருத்தியாக வேண்டும்.