டேபிள்டாப் ஆர்பிஜில (மேஜையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமா கதை சொல்லி ஆடுற கேம்) கேடயத்தோட சைஸ், மெட்டீரியல் எல்லாம் நம்புற மாதிரி எப்படி முடிவு பண்றது?

சைஸ்ல ஆரம்பிக்காதீங்க, தடிமன்ல ஆரம்பிங்க. நான் கேம் நடத்த ஆரம்பிச்ச புதுசுல கேடயம்னா ஒரு இன்ச் தடிமனுக்கு பலகை, அது மேல இரும்புத் தகடுன்னு வர்ணிச்சுட்டு இருந்தேன், அப்புறம் ஒருநாள் உக்காந்து கணக்கு போட்டதுல எல்லாமே மாறிப்போச்சு. 90 செமீ விட்டம் உள்ள வட்டக் கேடயம், 8 மிமீ பைன் பலகைன்னு வச்சுக்கோங்க, மரம் மட்டும் ரெண்டரை கிலோ வரும். அதே 8 மிமீய இரும்புல போட்டா 40 கிலோ! சரி மெலிசா 1.2 மிமீ தகடுன்னு இறங்கி வந்தாக்கூட 6 கிலோ. அதனால பெருசா வேணுமா மரம், இரும்பு வேணுமா சின்னதா வச்சுக்கோ, இதுதான் என் டேபிள்ல கணக்கு.

நிஜத்துல கிடைச்சதும் இப்படித்தான் இருக்கு. நார்வேல கோக்ஸ்டாட் வைக்கிங் கப்பலோட 64 கேடயம் கிடைச்சுது, விட்டம் சுமார் 94 செமீ, பைன் பலகை, தடிமன் 1 செமீ கூட கிடையாது, ஓரத்துல இன்னும் மெலிசு. சிரியால துரா யூரோபஸ்ல கிடைச்ச ரோமன் கேடயம் ஒரு மீட்டருக்கு மேல உயரம், ஆனா மெல்லிய மரக் கீத்துகள மூணு அடுக்கா ஒட்டி மொத்தமே 5, 6 மிமீதான், அப்படியே பிளைவுட் டெக்னிக். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு (டி அண்ட் டி) ஒரு பிரபல ஆர்பிஜி, அதோட 3.5 பதிப்புல டவர் ஷீல்டுங்கற ஆளுயரக் கேடயம் 45 பவுண்டு, அதாவது 20 கிலோ. நான் அதை 8 கிலோவா குறைச்சுட்டேன்.

ஓக் மரம் வேணும்னு கேக்காத பிளேயரே இல்ல. அது கனம் ஜாஸ்தி, லிண்டன் மாதிரி லேசான மரத்துலயே வேலை முடியுது, அதுல கத்தி இறங்கினா சில சமயம் மாட்டிக்கும், அந்த ஒரு நொடி போதும் எதிராளிய மடக்க. பலகை பிளக்காம காப்பாத்துறது தோல்தான். பதப்படுத்தாத பச்சைத் தோல ஈரமா வச்சு ஓரத்துல சுத்தித் தைச்சா, காயக் காய சுருங்கி பலகைய இறுக்கிப் பிடிச்சுக்கும்.

சைஸுக்கு நான் முழக் கணக்கு வச்சிருக்கேன். பழைய கிரேக்க வீரர்களோட வட்டக் கேடயமான ஆஸ்பிஸ்ல முன்னங்கைய நடுவுல இருக்கற பட்டைக்குள்ள விட்டு, ஓரத்துல இருக்கற கைப்பிடிய பிடிக்கணும், அப்போ ஆரம் கிட்டத்தட்ட ஒரு முழம், விட்டம் ரெண்டு முழம், 90 செமீ. உங்க கேரக்டர் குள்ளன், அவன் முழம் 35 செமீன்னா கேடயம் 70 செமீ, அதே தடிமன்ல எடை தானா பழைய எடையில 60 சதவீதத்துக்கு இறங்கிடும்.

முடிஞ்சா ஒருதடவ செஞ்சு பாருங்க. நான் 9 மிமீ பிளைவுட்ல வட்டமா வெட்டி நடுவுல ஓட்டை போட்டு பின்னாடி ஒரு கட்டைய கைப்பிடியா அடிச்சேன், மூணரை கிலோ சொச்சம். கைய நீட்டிப் பிடிச்சு நின்னா ரெண்டு நிமிஷத்துல தோள்பட்டை எரிய ஆரம்பிச்சுது, முழங்கைய மடக்கி உடம்போட ஒட்டி வச்சா எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம் போல இருந்துச்சு. கேம்ல கேரக்டர் களைச்சுப்போறதுக்கு ஸ்டாமினா ரூல் எழுதறவங்க கண்டிப்பா இதை அனுபவிச்சுட்டு எழுதணும்.

இன்னொண்ணு, கேடயம் உடையணும். ஐஸ்லாந்து சாகா கதைகள்ல ஹோல்ம்காங்னு ஒத்தைக்கு ஒத்தை சண்டை வரும், அதுல ஆளுக்கு மூணு கேடயம் வரைக்கும் அனுமதி. நானும் அப்படியே, கோடாரி கிரிட்டிக்கல் (பகடைல விழற ரொம்ப பலமான அடி) அடிச்சா கேடயம் ஒரு படி சேதம், மூணு படில காலி. இப்பல்லாம் என் பிளேயர்ஸ் ஊருக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல தச்சரத்தான் தேடுறாங்க.