நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி

கேள்வி: ஐப்பசியில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நான் பங்குனியில்தான் திரும்புவேன். அதுவரை என் பைக் பேட்டரியைக் காப்பது எப்படி? – வாசகர், திருமங்கலம்.

பதில்: முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ் வயரைக் கழற்றி, பேட்டரியை வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்நாடுகளில் சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்துவிடுமோ என்று அஞ்சுவார்கள். மதுரைப் பக்கத்தில் நமக்கு எதிரி வெப்பம்தான், ஏனெனில் வெப்பம் கூடக் கூட, சும்மா இருக்கும் பேட்டரியும் விரைவாகச் சார்ஜ் இழக்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் வெண்ணிறச் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. ஆகவே மாதம் ஒருமுறை வீட்டிலுள்ளவர்கள் மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பார்க்கட்டும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 5 ஆம்பியர்-மணி (Ah) கொள்ளளவுள்ள பேட்டரிக்கு அரை ஆம்பியர் சார்ஜிங் மின்னோட்டமே போதும். தண்ணீர் ஊற்றும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது.