பதில்: பாம்பாட்டியிடம் வாங்கிய கீரி

பாம்போடு சண்டைக்கு விட்ட கீரியைக் காசு கொடுத்து மீட்டு, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் வைத்திருக்கிறேன், விரலைக் கடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் விரலைக் கவனியுங்கள். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். கீரிக்கும் விசர்நோய் (ரேபிஸ்) வரும்.

அப்புறம் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்திடம் சொல்லுங்கள். அத்திடியவில் அவர்களுடைய சிகிச்சை நிலையம் இருக்கிறது. கழுத்துக் கயிறு தோலுக்குள் புதைந்திருக்கிறது என்றீர்கள். ஐயோ, அதை இழுக்கவே வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை பெட்டியைத் துணியால் மூடி, சத்தமில்லாத மூலையில் வையுங்கள்.

பாவம் என்று கால்வாய்க் கரையில் விட்டுவிடாதீர்கள். பல் உடைந்திருந்தால் இரை பிடிக்க முடியாது. உங்கள் மனசு பெரியது, ஆனால் இனிமேல் காசு கொடுக்காதீர்கள்; அந்தக் காசுக்காகவே இன்னொன்றைப் பிடிப்பார்கள். ஆளையும் இடத்தையும் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.