கொறங்காட்டில் குதிரையை ஆண்டு முழுக்க விடலாமா?

குதிரை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அந்தியூர் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெட்டைக் குதிரை, வயது ஏழு. வந்த நாள் முதல் மாட்டுக் கொட்டகையை ஒட்டின ஓர் அறையில்தான் கட்டி வைத்திருக்கிறோம், காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவதோடு சரி. கொஞ்ச நாளாக மரச்சட்டத்தைக் கவ்விக் காற்றை விழுங்குகிறது. தாராபுரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது, இப்போது அதில் மாடு அதிகம் இல்லை. இரவு பகல் பார்க்காமல் வருடம் முழுக்க அங்கேயே விட்டுவிடலாமா? மழையும் வெயிலும் தாங்குமா? இப்போது கொடுக்கும் தீவனம் கோதுமைத் தவிடு, கொள்ளு, நறுக்கிய கோ-4 புல்.
– ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: தாராளமாக விடலாம், விடத்தான் வேண்டும் என்றே சொல்வேன். குதிரை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரைக்கும் நடந்துகொண்டே மேய்கிற பிராணி. அதன் இரைப்பை அந்த உடம்புக்கு ரொம்பச் சின்னது, உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு வேளை தவிடும் கொள்ளும் வைத்துவிட்டு மீதி நேரம் வெறும் வாயோடு நிறுத்தினால் வயிற்றில் புண் வரும், கூடவே இந்தக் கவ்வும் பழக்கமும் வரும். வெளியே விட்டால் அது குறையும். முழுக்க நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், பல வருடம் கட்டிக் கிடந்த குதிரைகள் திறந்த வெளியிலும் வேலிக் காலைத் தேடிப்போய்க் கவ்வுவது உண்டு. அதற்காகக் கழுத்தில் வாரை இறுக்கிக் கட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஆனால் படலைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டு வந்தால் ஆகாது. முதலில் புல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் எனக்கு உள்ளபடியே கவலை அங்கேதான்.

கொறங்காட்டில் பெரும்பாலும் இருப்பது கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு தலைமுறை தலைமுறையாக அதைத் தின்றுதான் அந்த உடல்வாகோடு நிற்கிறது, அதனால் குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யாருக்குமே தோன்றும். அந்தப் புல்லில் ஆக்சலேட் என்கிற ஒரு பொருள் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே நுண்ணுயிரிகள் அந்த ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன, கால்சியம் விடுபட்டு உடம்பில் சேர்ந்துவிடும். குதிரைக்கு நொதித்தல் நடப்பது கடைசியில், பெருங்குடலில். கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முந்தின சிறுகுடலில். ஆக, ஆக்சலேட் பிடித்த கால்சியம் உடம்பில் சேராமலே சாணத்தோடு போய்விடும், உடம்பு தன் தேவைக்கு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று மாறி மாறி நொண்டும், நடை விறைக்கும், முகத்தெலும்பு இரண்டு பக்கமும் தடித்துவிடும். கண்ணுக்குக் கீழே, கடைவாய்க்கு மேலே விரலை வைத்துத் தடவினால் கூர்மையாகத் தட்டுப்பட வேண்டிய எலும்பு முனை மழுங்கிப்போய் உருண்டையாகத் தெரியும். குட்டிகளுக்கும் பால் கொடுக்கிற பெட்டைகளுக்கும் சீக்கிரம் வரும்.

இதில் உங்கள் தற்போதைய தீவனத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோ-4 நேப்பியர் என்கிற தீவனப் புல் வகை, அதிலும் ஆக்சலேட். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் கொஞ்சம்தான். குதிரைக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. தவிடு, கோ-4, அதற்கு மேல் கொழுக்கட்டைப் புல், மூன்றுமே கால்சியத்துக்கு எதிராகத்தான் வேலை செய்கின்றன. அதனால் தவிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். தினமும் ஒன்றிரண்டு கிலோ காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) கொடுங்கள். அது கிடைக்காத நாளில் நிலக்கடலைக் கொடி நல்ல மாற்று, உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பூஞ்சணம் பிடித்த கட்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, வேரில் ஒட்டின மண்ணை உதறிவிட்டுத்தான் வைக்க வேண்டும். காட்டில் அருகம்புல் திட்டு எங்கே இருந்தாலும் அதைக் காப்பாற்றி வையுங்கள். தனியாகக் கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த மாற்றம் எதுவும் ஒரே நாளில் நடக்கக் கூடாது. குடலில் இருக்கிற நுண்ணுயிரிகள் புதுத் தீனிக்குப் பழகக் குறைந்தது இரண்டு வாரம் பிடிக்கும், அவசரப்பட்டால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும், குதிரைக்கு அது உயிர் போகிற வலி. முதல் நாட்களில் காய்ந்த தீனி வயிறு நிறையத் தின்ற பிறகு ஒரு மணி நேரம் விடுங்கள், அப்புறம் இரண்டு, அப்புறம் அரை நாள். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் தளதளவென்று எழும்பும் சமயத்தில் ஆரம்பிக்காதீர்கள், அந்த இளம்புல்லைத் திடீரென்று நிறையத் தின்றால் குளம்புக்குள் அழற்சி வந்து நிரந்தரமாகக் கால் போய்விடலாம். புல் காய்ந்து நிற்கும் மாசி, பங்குனியில் பழக்க ஆரம்பித்தால் உங்களுக்கும் நிம்மதி. அந்த மாதங்களில் வெயிலைப் பார்த்து இரவில் மேயவிட்டுப் பகலில் நிழலில் நிறுத்துங்கள். குதிரைக்கு இரவு மேய்ச்சல் இயல்பானதுதான். ஆனால் கோடையில் காட்டில் புல் தீர்ந்துபோகும், அதை மறந்துவிடக் கூடாது. நானூறு கிலோ குதிரைக்குத் தினம் ஆறு முதல் எட்டு கிலோ உலர்தீனி வேண்டும். கதிர் அறுத்துக் காய்ந்த சோளத்தட்டு நறுக்கிப் போடலாம், இளம் பச்சைச் சோளம் கூடவே கூடாது.

வேலி முள்கிளுவை உயிர்வேலி என்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் போத்து (வெட்டிய கிளை) நட்டு அடையுங்கள். முள்கம்பி இழுத்திருந்தால் குதிரையை உள்ளே விடுவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். மாடு முள்கம்பியைத் தொட்டால் பின்வாங்கும், குதிரை மிரண்டால் அதற்குள்ளேயே பாய்ந்து தொடைச் சதையைக் கிழித்துக்கொள்ளும். முதல் நாள் கயிற்றில் பிடித்து வேலியோரமாக முழுச் சுற்றும் நடத்திக் காட்டுங்கள்.

பிறகு வேலிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களே நடந்து பாருங்கள். அரளி ஒரு செடிகூட இருக்கக் கூடாது, வெட்டிப்போட்டுக் காய்ந்த இலையும் அதே விஷம்தான். ஆமணக்கு, உண்ணிச்செடி இரண்டையும் வேரோடு எடுங்கள். சவுண்டல் (சூபாபுல்) மரம் ஆட்டுக்கு நல்ல தழை, குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். வெள்வேல மரம் இருக்கட்டும், நிழலுக்கு அதைவிட்டால் அங்கே வேறென்ன இருக்கிறது.

இன்னும் இரண்டு ஆபத்து, இரண்டும் உங்கள் வட்டாரத்தில் வீட்டு வாசலிலேயே இருப்பவை. ஒன்று கறிக்கோழித் தீவனம். கோழிக்கு ரத்தக் கழிச்சல் நோய் வராமல் இருக்க அதில் மோனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருப்பார்கள், குதிரைக்கு அது கொஞ்சம் போனாலே இதயத் தசை கெட்டு உயிர் போய்விடும். பக்கத்தில் கோழிப்பண்ணை இருந்தால் மூட்டையோ சிந்தின தீவனமோ குதிரைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது, கோழிக்குப் போட்ட தொட்டியைக் கழுவி இதற்கு வைப்பதும் வேண்டாம். இன்னொன்று உண்ணி மருந்து. கொறங்காட்டில் உண்ணி இருக்கும், மாட்டுக்கும் ஆட்டுக்கும் அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் கை வாக்கில் குதிரைக்கும் தெளித்துவிடுகிறார்கள். அது குதிரையின் குடலை நிறுத்திவிடும். உண்ணிக்கு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை தினம் காதுக்குள்ளும் வாலடியிலும் பார்த்துக் கையால் பிடுங்குங்கள்.

கொட்டகை வேண்டும், ஆனால் அறை வேண்டாம். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் மட்டும் அடைத்து மற்ற பக்கங்களைத் திறந்து விட்ட ஓலைக் கொட்டகை போதும், தரை கொஞ்சம் மேடாக இருக்கட்டும். தாழ்வாகத் தகரம் போட்டால் பகலில் அடுப்புதான். மழையில் நனைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நனைந்து காய்வதற்கு இடம் இல்லாமல் நாள்கணக்கில் ஈரத்தோடு நிற்பதுதான் கெடுதல், முதுகில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிப் பொருக்கு எடுக்கும். தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 50 லிட்டர் குடிக்கும், கோடையில் அதற்கு மேலும் போகும், கூடவே உப்புக் கட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

லாடம் கழற்றிவிடலாம். சரளை மண்ணில் முதல் சில வாரம் கால் கூசி நடக்கும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவிவிட்டால் தேறிவிடும். தார் ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் முன்னங்கால் லாடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

விடுவதற்கு முன் இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி கட்டாயம், முள்ளும் ஆணியும் குத்துகிற இடம் அது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் ஆட்டுப்பட்டியில் புகுந்து செய்கிற நாசம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை முடிந்து கடிஈ பெருகும் காலத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, அடிவயிற்றில் வீக்கம் என்று பார்த்தால் கடிஈ பரப்புகிற சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்கு உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும், 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை சரி.

கேள்வி: ஊட்டியில் மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் வெளியே விட்டால் கம்பளி போர்த்த வேண்டுமா?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: வேண்டாம் அம்மா. உறைபனி விழுகிற இரவுகூட, காற்றில்லாமல் உடம்பு காய்ந்திருந்தால், மட்டக்குதிரை தாங்கும், மயிர் சிலிர்த்து நின்று சூட்டைக் காக்கும், அதனால் மயிரைக் கத்தரிக்காதீர்கள். ராத்திரிக்குக் காய்ந்த புல் நிறையப் போடுங்கள், அது குடலில் நொதிக்கும்போது வருகிற சூடுதான் உள்ளிருந்து காக்கிற கம்பளி. பனியைவிடக் கஷ்டமானது ஆனி, ஆடியில் காற்றோடு அடிக்கிற மழைதான், அதற்கு ஒரு மறைப்பு வேண்டும். நனைந்த முதுகில் கம்பளி போடவே போடாதீர்கள். மயிர் அடர்ந்திருக்கும்போது இளைத்தது கண்ணுக்குத் தெரியாது, வாரம் ஒருமுறை விரலை மயிருக்குள் விட்டு விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். அங்கே பரவிக் கிடக்கிற கிக்குயு புல்லிலும் ஆக்சலேட் உண்டு, மேலே சொன்ன கால்சியம் விஷயம் உங்களுக்கும் பொருந்தும். வெளியே விடுவது என்றால் வேலி போட்ட இடத்தில் விடுவது. மார்க்கெட்டில் அவிழ்த்துவிட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் தின்னவிடுவதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், வாயில்லாத ஜீவனுக்கு அது பெரிய கொடுமை.

கேள்வி: கொட்டகையில் சாதுவாக நின்ற குதிரை. வெளியே விட்டதும் வேலியோரமாகவே ஓடிக் கனைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, மேய்வதே இல்லை. திரும்பக் கட்டிவிடவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தனியாக விட்டிருக்கிறீர்கள், அதுதான் காரணம். மந்தைப் பிராணிக்குத் தனியாக நின்றால் பயம், பயந்த குதிரை தலையைக் குனிந்து மேயாது. இன்னொரு குதிரை இருந்தால் நல்லது, முதலில் வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாகச் சில நாள் நிறுத்தி மூக்கோடு மூக்கு முகர்ந்து பழகவிட்டு அப்புறம் சேருங்கள், அன்றைக்குப் பின்னங்காலில் லாடம் இருக்கக் கூடாது. குதிரை வாங்க வசதியில்லை என்றால் இரண்டு மூன்று ஆடு விட்டுப் பாருங்கள், பல குதிரைகள் ஆட்டோடு ஒட்டிக்கொள்ளும். கழுதை விடுவதானால் முதலில் அதற்கு நுரையீரல் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அதுவரை சின்ன இடமாக அடைத்து, நீங்களோ தீனி வைப்பவரோ கூடவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் விடுங்கள். தீனியை மணலில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள். மேய ஆரம்பித்த பிறகு ஒருநாள் சாண உருண்டை நாலைந்தைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பாட்டிலில் கரைத்துக் கால் மணி நேரம் நிற்கவிடுங்கள், அடியில் மணல் படிந்தால் புல்லோடு மண்ணையும் தின்கிறது, குடலில் மணல் சேர்ந்து வலி வருவதற்கு முன்னால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.