காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: "ப்ளஸ் டூ படிக்கும் மகன் ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு ஒரு கார் பந்தய கேம் வாங்கினான். நெட் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது. தங்கச்சி கணக்குக்கு மாற்றவும் முடியாதாம். காசு கொடுத்தால் அது நம் பொருள்தானே? இனி எங்கே வாங்கலாம்?"

அண்ணாச்சி, மகனுக்குக் கிடைத்தது விளையாடுவதற்கான உரிமம் மட்டும்தான். பெரும்பாலான கடைகளின் விதிமுறையில் இப்படித்தான் இருக்கும். 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற பந்தய கேமின் சர்வரை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக விளையாடியவர்களுக்கும் அதோடு கேம் போயிற்று. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கரன்ட் வந்த பிறகும் நெட் வரவில்லை. மகளிடம் இரண்டு கேம் இருந்தன. ஒன்று லாகின் கேட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று ஜிஓஜி கடையில் வாங்கியது. அதன் இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்திருந்தேன். வயரைச் செருகி இரண்டு தட்டு தட்டியதும் கேம் ஏறிவிட்டது. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு உட்கார்ந்து விளையாடினாள்.

அதனால் டிஆர்எம் பூட்டு, அதாவது காப்பி எடுக்கவோ கணக்கைச் சரிபார்க்காமல் திறக்கவோ விடாத மென்பொருள் பூட்டு, இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஜிஓஜி 2008 முதல் அப்படித்தான் விற்கிறது. இட்ச்.ஐஓ என்ற ஆன்லைன் கடையில் சிறு குழுக்களின் கேம்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். வாங்கிய அன்றே ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

ஆனால் இவையும் தனியார் கடைகள்தான். முதலாளி மாறினால் விதியும் மாறலாம். ஸ்டீம் என்ற பெரிய ஆன்லைன் கேம் கடை, கேம் செய்தவரிடம் எடுக்கும் வழக்கமான கமிஷன் 30 சதவீதம். ஆயிரத்துக்கு 300 ரூபாய். இட்ச்.ஐஓவிலோ கடைக்கு எவ்வளவு என்பதைக் கேம் செய்தவரே முடிவு செய்கிறார். உங்கள் ஊர் பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். பால் ஊற்றுகிறவரே உறுப்பினர். மிச்சம் வந்தால் போனஸாக அவருக்கே திரும்பும். கேமுக்கும் அப்படி ஒரு கடை வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். செய்தவர்களும் விளையாடுகிறவர்களும் சேர்ந்து நடத்தினால், ஃபைலைப் பூட்டி வைக்க யாருக்கும் அவசியம் வராது.

ஆண்ட்ராய்டு போனுக்கு எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடை 2010 முதல் லாப நோக்கமில்லாமல் நடக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம். விளம்பரமோ வேவு பார்ப்பதோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எச்சரித்துவிடும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருள் மட்டுமே அங்கே கிடைக்கும். பெரிய நிறுவனங்களின் கேமை எதிர்பார்க்க முடியாது.

சரி, போன 1,200 ரூபாய்? ஸ்டீமில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்கும்பட்சத்தில், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்ற கடைகளுக்கு விதி வேறு. நெட் கட்டாயம் என்பதை விற்கும்போது சொல்லவே இல்லையென்றால், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். பில்லையும் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தங்கச்சிக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் இறக்கிக் கொடுங்கள். அதுவும் பந்தய கேம்தான், இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். பென் டிரைவில் போட்டு அவள் தோழிகளுக்கும் கொடுக்கலாம்; அதன் உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.