கப்பலேறிப் போன மூதாதையைத் தேடி: உங்கள் கேள்விகள்

கே: என் கொள்ளுத்தாத்தா முனுசாமி தென்னாப்பிரிக்கா போனவர். அவர் எந்த ஊர்?

ப: இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரில் எத்தனையோ முனுசாமிகள். அப்பா பெயர், வருஷம், கப்பல் எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படி? ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் காலனி எண் உண்டு, அதாவது கப்பல் பட்டியலில் பதிவான தனி எண். வீட்டிலுள்ள பழைய சான்றிதழ்களைப் புரட்டுங்கள். முதலில் எண்ணைப் பிடியுங்கள்.

கே: கப்பல் பட்டியலில் ‘வட ஆர்க்காடு’ என்றிருக்கிறது. ஆர்க்காட்டில் விசாரித்தும் பயனில்லை.

ப: அது ஜில்லா, ஊரல்ல. சித்தூர்கூட 1911 வரை அந்த ஜில்லாதான். தாலுகா, கிராமம் பத்திகளைப் பாருங்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதனால் வாய்விட்டுப் படியுங்கள்.

கே: ஆண் வழி மட்டும் போதும். கொள்ளுப்பாட்டி விவரம் தேவையில்லை.

ப: இப்படி ஒரு கடிதம் எப்போதும் வந்துவிடுகிறது, படித்தாலே மனசு கொதிக்கிறது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது அன்றைய விதி. புருஷன் துணையில்லாமல் கப்பலேறிய பெண்கள் நிறைய. அவர்களுக்கும் தனி எண், தகப்பன் பெயர், சொந்த ஊர், உடம்பு அடையாளம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நான் பார்த்த ஒரு வரி: வயது 22, இடது முழங்கையில் தீத்தழும்பு. அடுத்த எண்ணில் அவள் கைக்குழந்தை. இவளையா தேவையில்லை என்கிறீர்கள்?

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று நாலு வருஷம் தாத்தாவையே தேடி அலைந்தது. கடைசியில் பாட்டியின் இறப்புச் சான்றிதழில் எண் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் தாலுகாவரை வந்துவிட்டோம். பாட்டியின் எண்ணையும் பிடியுங்கள், அப்புறம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான்.

கே: மொரீஷியஸ் போனவர்களுக்கு?

ப: மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் தேடுங்கள். அங்கும் எண்தான் முக்கியம். அதிர்ஷ்டமிருந்தால் புகைப்படமே கிடைக்கும்.

கே: தாத்தா கங்காணியோடு மலாயா போனார். கப்பல் பட்டியல் எங்கே?

ப: நேட்டால் மாதிரிப் பட்டியலை அங்கே எதிர்பார்க்காதீர்கள். தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் ஊரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் சேர்த்தார்கள்.