ஒரு போல்ட் கழன்றால் என்ன ஆகும்?

சைக்கிள் கேள்வி – பதில்

பட்டறையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கேள்விகள் மட்டும் என்னை விடுவதாக இல்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முன் கேரியரைப் பற்றியவை. அதனால் செயின் சத்தம் போடுகிறவர்களும் பஞ்சர்க்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியை. சைக்கிளின் பின்பக்கம் என் நான்கு வயது மகளின் இருக்கை இருக்கிறது. திருத்த வேண்டிய நோட்டுகளை முன்னால்தான் வைத்தாக வேண்டும். மூன்று வகை பார்த்தேன். ஹேண்டில்பாரில் மாட்டும் கூடை, முன்சக்கரத்துக்கு மேலே தட்டுப் போல் நிற்கும் கேரியர், சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாகப் பை தொங்கவிடும் கேரியர். பார்ப்பதற்குக் கூடைதான் அழகாக இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: அழகைக் கவனித்த நீங்கள் எடையை எழுத மறந்துவிட்டீர்களே, டீச்சர்! நாற்பது பேர் கொண்ட வகுப்பு, ஆளுக்கு இரண்டு நோட்டு, ஒரு நோட்டு 150 கிராம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 12 கிலோ. என் கணக்கை நம்ப வேண்டாம். பையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு பை இல்லாமல் ஏறுங்கள், கழித்துப் பாருங்கள்.

12 கிலோ என்றால் கூடையை மறந்துவிடுங்கள். ஹேண்டில்பாரில் மட்டும் தொங்கும் கூடைக்கு மூன்று, நான்கு கிலோவே அதிகம். எடை உயரத்தில், அதுவும் ஹேண்டிலுக்கு முன்னால் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். போதாததற்குக் கூடையின் முதுகு பிரேக் கேபிளை அழுத்தும். கீழே சக்கரத்தின் அச்சு வரை இரண்டு கம்பிகள் இறங்கித் தாங்கும் கூடை என்றால் கொஞ்சம் தேவலை. அப்போதும் 12 கிலோவுக்கு அது ஆகாது.

தட்டுக் கேரியர் நல்ல சாமான். பாரிஸில் ஒரு காலத்தில் பத்திரிகைக் கட்டுகளை அச்சகத்திலிருந்து கடைகளுக்குக் கொண்டுபோனவர்கள் இப்படிப்பட்ட கேரியரைத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் போட்டியே நடந்தது. ஆனால் அந்த வகைச் சைக்கிள்களில் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு கால் கவையை, முன்சுமைக்கு ஏற்றபடி வடிவமைப்பார்கள். ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோட்டை அப்படியே தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளிக்கு ‘ட்ரெயில்’ என்று பெயர். சாதாரணச் சைக்கிளில் இது ஏறக்குறைய 55 முதல் 65 மில்லிமீட்டர் இருக்கும். முன்சுமைக்கென்று கட்டிய சைக்கிளில் 30 முதல் 45 வரை வைப்பார்கள். இடைவெளி கூடுதலாக உள்ள சைக்கிளில் தட்டின்மேல் சுமையை ஏற்றிவிட்டு மெதுவாக ஓட்டினால், சக்கரம் பக்கவாட்டில் சரியப் பார்க்கும். உங்கள் கை அதை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு மூன்றாவது வகை. இரண்டு பைகள், அச்சின் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்று. எடை கீழே இருப்பதால் ஹேண்டில் கொஞ்சம் கனமாகத் திரும்புமே தவிர ஆடாது. பின்னால் குழந்தையின் எடை இருக்கும்போது முன்னால் இப்படிச் சுமை இருப்பது சைக்கிளுக்கும் நல்லது. ஒரு பையில் எட்டாம் வகுப்பு, இன்னொன்றில் ஒன்பதாம் வகுப்பு என்று பிரிக்காதீர்கள். எடை பார்த்துப் பிரியுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஃபோர்க்கைப் பாருங்கள். இரும்பு ஃபோர்க்தானா? அச்சுக்குப் பக்கத்தில் மரை போட்ட சின்னத் துளை இருக்கிறதா? ஃபோர்க் காலின் நடுவிலும் ஒரு துளை இருக்கிறதா? இவை பெரும்பாலும் எம்5 அளவுத் துளைகள், அதாவது 5 மில்லிமீட்டர் போல்ட் ஏறும். நடுத்துளை இல்லையென்றால், மேலே ஃபோர்க்கின் தலையிலும் கீழே அச்சருகிலும் மாட்டி, பக்கவாட்டில் தாழ்வான கம்பியும் கொண்ட கேரியராகத் தேடுங்கள். இரு பக்கத்தையும் டயருக்கு மேலே ஒரு வளைவுக் கம்பி இணைக்கும் கேரியர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரு பக்கத்துப் போல்ட் போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் போல்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தவன். காரணம் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் என் சொந்தச் சைக்கிளுக்கு ஒரு தட்டுக் கேரியர் மாட்டினேன். கீழே அச்சருகில் பக்கத்துக்கு ஒரு போல்ட். மேலே ஃபோர்க்கின் தலையோடு அதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு அலுமினியப் பட்டை. பட்டை சரியான கோணத்தில் உட்காரவில்லை. கிடுக்கியில் வைத்து வளைத்தேன், அதிகம் வளைந்துவிட்டது, நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். மற்றவர்கள் செய்தால் திட்டியிருப்பேன். ஏழு மாதம் ஓடியது. ஒரு நாள் ஒரு பெட்டி உதிரிபாகத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். கேரியர் கீழ்ப் போல்ட்டுகளில் கீல் போலச் சுழன்று, பெட்டியோடு முன்பக்கம் கவிழ்ந்து தரையில் குத்திக்கொண்டு நின்றது. சக்கரம் அதில் மோதி நின்றது. நான் நிற்கவில்லை. தாடையில் நான்கு தையல்.

அந்தப் பட்டையை ஆணியடித்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். முக்கால் பாகம் மங்கிய சாம்பல் நிறம், எண்ணெயும் தூசியும் ஏறியது. மீதிக் கால்பாகம் மட்டும் பளபளவென்று சர்க்கரைப் பொடி போல. முக்கால் பாகம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டிருக்கிறது. அன்றைக்கு உடைந்தது அந்தக் கால்பாகம்தான். தினமும் துணியால் துடைத்த சைக்கிள் அது, நான் ஒருநாளும் அந்த வளைவைக் குனிந்து பார்க்கவில்லை.

பின் கேரியர் உடைந்தால் சுமை ரோட்டில் விழும், திட்டிக்கொண்டே பொறுக்கலாம். முன் கேரியர் உடைந்தால் அது போய் விழுவது உங்கள் சக்கரத்துக்கு முன்னால். எனவே எந்த முன் கேரியரைக் கையில் எடுத்தாலும் ஒவ்வொரு போல்ட்டாக விரலை வைத்து, ‘நீ கழன்றால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ‘கடகடவென்று சத்தம் வரும்’ என்பது நல்ல பதில். ‘கேரியர் கவிழும்’ என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே ஒரே பட்டையில் நிற்பதைவிட, இரண்டு தனிக் கம்பிகள் இரண்டு இடத்தில் பிடித்திருப்பது மேல்.

இனி உங்கள் மகளின் விஷயம். முன்சக்கரத்தில் சுமை இருக்கும் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினால் ஹேண்டில் தானாகத் திரும்பிச் சைக்கிளையே கீழே தள்ளிவிடும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு போதாது, இரட்டைக்கால் ஸ்டாண்டு வேண்டும். ஃபோர்க்கையும் ஃபிரேமையும் இணைக்கும் ஒரு ஸ்பிரிங் விற்கிறார்கள், ஹேண்டிலை நேராக இழுத்துப் பிடிக்கும். அதையும் போடுங்கள். இரண்டையும் போட்ட பிறகும் வரிசை மாறக் கூடாது: முதலில் நோட்டு, கடைசியில் குழந்தை. இறங்கும்போது முதலில் குழந்தை. ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் அவளை உட்கார வைத்துவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

கேள்வி: என் சைக்கிள் ஃபோர்க்கில் எந்தத் துளையும் இல்லை. தெரிந்த வெல்டர் ஒருவர் துளை போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: கூடாது. ஃபோர்க் கால் என்பது உள்ளே வெற்றான மெல்லிய குழாய். அதில் போடும் துளைதான் விரிசலுக்கு முதல் வாசல். வெல்டரை வேறு ஏதாவது செய்யச் சொல்லுங்கள்.

அச்சிலேயே மாட்டும் கேரியர்கள் இருக்கின்றன. வழக்கமான அச்சுக்கம்பிக்குப் பதிலாக நீளமான ஒன்று அதோடு வரும், கேரியரின் கால் அதில் உட்காரும். இது நம்பகமானது. டயர் கழற்றும்போதெல்லாம் கேரியரையும் அவிழ்க்க வேண்டும் என்பது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இன்னொரு வழி, ரப்பர் உறை போட்ட உலோக வளையத்தை ஃபோர்க் காலில் கவ்வவிட்டு அதில் கேரியரை முடுக்குவது. சுமை குறைவு என்றால் சரி. மாட்டியதும் வளையத்தின் கீழ் விளிம்பில் ஃபோர்க்மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்து வளையம் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் உங்கள் சுமைக்கு அது போதவில்லை.

ஃபோர்க் கார்பனாக இருந்து, அதைச் செய்தவர்களே கேரியர் மாட்டத் துளை வைத்துத் தரவில்லை என்றால், அதில் எதையும் கவ்வவிடாதீர்கள். ஷாக் உள்ள ஃபோர்க்கும் அப்படித்தான். கீழ்ப்பகுதி ஏறி இறங்கும், மேல்பகுதி நிற்கும், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் கேரியர் முறியும் அல்லது ஷாக் வேலை செய்யாது. அதற்கென்று செய்த தனிக் கேரியர்கள் உண்டு.

கேள்வி: இரும்பா, அலுமினியமா?

பதில்: சுமை தினமும் என்றால் இரும்புக் குழாய். வளைந்தால் தெரியும், உடைந்தால் பற்றவைக்கலாம். அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகும். என் தாடையைக் கேளுங்கள்.

கேள்வி: முன்பிரேக் டிஸ்க். கேரியரின் வலது கால் சரியாகப் பொருந்துகிறது. இடது கால் பிரேக்கில் இடிக்கிறது. நான்கைந்து வாஷர்களை அடுக்கி வெளியே தள்ளி மாட்டிவிட்டேன். ஓடுகிறது. ஆனால் நண்பர் பயமுறுத்துகிறார். இன்னொன்று, பை வைத்தால் விளக்கு மறைந்துவிடுகிறது.

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். முன் டிஸ்க்கின் பிடிப்பான் வழக்கமாக ஃபோர்க்கின் இடது காலில்தான் இருக்கும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறது. கேரியரை வெளியே தள்ளத் தள்ளப் போல்ட்டின் மேல் வளைக்கும் விசை கூடும். அடுக்கிய வாஷர்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், போல்ட் நாளுக்கு நாள் தளரும். டிஸ்க்குக்கென்று இடைவெளி விட்டுச் செய்த கேரியராக மாற்றுவது நல்லது. மாற்ற முடியாதென்றால் வாஷர் அடுக்கை எடுத்துவிட்டு, சரியான நீளத்தில் ஒரே துண்டு உலோகக் குழாயை இடையில் வையுங்கள். போல்ட்டையும் அதற்கேற்ப நீளமாக மாற்றுங்கள். நீங்கள் பழைய போல்ட்டையே வைத்திருந்தால் இப்போது அது இரண்டு மரையில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். துளையைத் தாண்டி உள்பக்கம் முனை எட்டிப் பார்க்குமளவு நீளம் இருந்தால், அங்கே நைலான் வளையம் வைத்த நட்டு ஒன்றையும் போடலாம். மாட்டிய பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், நட்டும் போல்ட்டும் டிஸ்க்கில் உரசக் கூடாது.

விளக்கை ஹேண்டிலிலிருந்து கழற்றிக் கேரியரின் முன்கம்பிக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டுக் கம்பியில் மாட்டினால் சக்கரத்தின் நிழல் ரோட்டின் பாதியை மறைக்கும். முன்கம்பியில், நடுவில், பையின் அடிப்பகுதிக்குக் கீழே. மாட்டிவிட்டுப் பையையும் வைத்து, இருட்டில் ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பையின் வார் ஏதாவது முன்னால் தொங்கினால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். வாரைச் சுருட்டி உள்ளே செருகுங்கள், ஆரக்கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ள அது ஒன்று போதும்.